தனிமனித சுதந்திரம் பைபிளிலிருந்து வந்ததா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தனிமனித சுதந்திரத்துக்கும் அதிகாரத்தில் அளவு மீறாத அரசுக்கும் கிறிஸ்தவ நம்பிக்கைதான் அடித்தளம், அந்த நம்பிக்கை போனால் சுதந்திரமும் கூடவே போய்விடும் என்று அமெரிக்கப் பேச்சாளர்கள் பலர் சொல்கிறார்கள். இது வரலாறா, பிரசாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்வி போல இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. இந்த எண்ணங்கள் எங்கிருந்து கிளம்பின என்பது ஒன்று. அதற்குப் பழைய ஏடுகளைப் புரட்டிப் பதில் சொல்லலாம். அந்த நம்பிக்கை இல்லாமல் இவை நிற்குமா என்பது மற்றது. அதற்கு எந்த ஏட்டிலும் பதில் கிடையாது. மேடைப் பேச்சாளர்கள் முதலாவதற்குச் சான்று காட்டிவிட்டு, இரண்டாவதையும் நிரூபித்துவிட்ட மாதிரி இறங்கிப் போவார்கள். எதிர்த்தரப்பு சிலுவைப் போர், மதவிசாரணை என்று அடுக்கிவிட்டு, வேர் என்று ஒன்றே இருந்ததில்லை என்று முடிக்கும். நான் ஐரோப்பிய அரசியல் சிந்தனையின் வரலாற்றை இருபது வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தியவன். இறையியல் முறையாகப் படித்தவன் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுக்கு ஓர் எல்லை உண்டு என்ற எண்ணம் மேற்கில் வேரூன்றியதில் கிறிஸ்தவத்தின் பங்கு மிகப் பெரியது. ஆனால் அது சுதந்திரத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடவில்லை. அரசனுக்கு எதிரே, அவன் விழுங்க முடியாத இன்னொரு அதிகாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த இருவரும் முட்டிக்கொண்ட இடைவெளியில்தான் சாமானியனுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. இருவரும் ராசியாகிக் கைகோத்துக்கொண்ட இடங்களில் அந்த இடமும் அடைபட்டுப் போனது.

பைபிளிலிருந்தே பார்ப்போம். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தை, எந்த நூல் என்று சொல்லாமல் வாசித்துக் காட்டுவேன். மற்ற ஜாதிகளுக்கு இருப்பது போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேல் ஜனங்கள் கேட்கிறார்கள். ராஜா வந்தால் என்ன நடக்கும் என்று தீர்க்கதரிசி சாமுவேல் கணக்குப் போட்டுச் சொல்கிறார்: உங்கள் மகன்களைத் தேரோட்ட எடுத்துக்கொள்வான், மகள்களைத் தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் எடுத்துக்கொள்வான், வயலில் நல்லதை எடுத்துத் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான், தானியத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆட்டில் பத்தில் ஒரு பங்கு, கடைசியில் நீங்களே அவனுக்கு வேலையாட்கள். எடுப்பான், எடுப்பான் என்று அந்த ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப வரும். யார் எழுதியது என்று கேட்டால், வரி எதிர்ப்பாளர் யாரோ என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். (பத்தில் ஒரு பங்குதான் கொடுங்கோன்மையின் உச்சம் என்பதைக் கேட்டு, வருமான வரி கட்டும் வயதில் இருக்கும் மாணவர்கள் சிரிப்பார்கள்.) உபாகமம் 17இல் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. சிங்காசனத்தில் உட்காரும் ராஜா, நியாயப்பிரமாணத்தின் நகல் ஒன்றைத் தனக்காக எழுதி வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அதை வாசிக்க வேண்டும். தன் சகோதரர்மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளக் கூடாது. அதாவது சட்டம் அவனுக்கு முன்பே இருக்கிறது. அவன் அதை இயற்றியவன் இல்லை, வெறும் வாசகன். பக்கத்து நாடுகளில் அரசனே தெய்வம் அல்லது தெய்வத்தின் பிள்ளை என்றிருந்த காலத்தில் இது சாதாரணப் பேச்சு இல்லை. ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் யூத நூல்கள். கிறிஸ்தவம் இதைச் சுவீகரித்துக்கொண்டது. ‘கிறிஸ்தவ அடித்தளம்’ என்று பேசுபவர்கள் இந்தக் கடனைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் எல்லோரும் சொல்வது நாணயக் கதை. வரி கொடுக்கலாமா என்று கேட்டு மடக்கப் பார்த்தவர்களிடம் இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்கிறார். ‘இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?’ என்கிறார். அன்று புழக்கத்தில் இருந்த வெள்ளி தெனாரியத்தில் ரோமப் பேரரசன் திபேரியுவின் முகமும், ‘தெய்வீக அகுஸ்துவின் மகன்’ என்ற எழுத்தும் பொறித்திருக்கும். ‘இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதை தேவனுக்கும் செலுத்துங்கள்’ என்பது பதில். இராயன் என்றால் ரோமப் பேரரசன். காசில் இருப்பது இராயனின் உருவம், மனிதனில் இருப்பது தேவனின் சாயல், ஆகவே காசை அவனுக்குக் கொடு, உன்னைத் தேவனுக்குக் கொடு என்று 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் விளக்கம் எழுதிவிட்டார். அரசனுக்குச் சேராத ஒரு பகுதி மனிதனுக்குள் உண்டு என்பதை இதைவிடச் சிறிய சொற்களில் சொல்வது கடினம்.

சரி, இதே புதிய ஏற்பாட்டில் ரோமர் 13உம் இருக்கிறதே? ‘தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை’ என்று பவுல் எழுதியதை வைத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் மன்னர்கள் குடிகளை அடக்கியிருக்கிறார்கள். ‘மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்’ என்று அப்போஸ்தலர் 5இல் பேதுரு சொன்னதை எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. அதனால், பைபிள் சுதந்திரத்தைப் போதிக்கிறது என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை. எந்த வசனத்தை யார், எந்த நிலையில் இருந்துகொண்டு எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அடிபடும் பக்கம் இருந்தவன் பேதுருவை எடுத்தான், ஆளும் பக்கம் இருந்தவன் பவுலை எடுத்தான். விதிவிலக்குகள் உண்டு, அதிகம் இல்லை.

முதல் நாலு நூற்றாண்டுகளே இதற்குச் சாட்சி. கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில், 212 வாக்கில், அதே தெர்த்துல்லியன் ரோம ஆளுநர் ஸ்காப்புலாவுக்கு எழுதுகிறார்: தான் சரியென்று நினைப்பதை வழிபடுவது ஒவ்வொரு மனிதனின் இயல்பான உரிமை; மதத்தைக் கட்டாயப்படுத்துவது மதத்தின் வேலையே இல்லை. மத சுதந்திரத்தை மனித உரிமை என்ற பொருளில் சொன்ன மிகப் பழைய வாசகங்களில் இது ஒன்று. 313இல் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வழிபாட்டு உரிமை அறிவிக்கப்படுகிறது. 380இல் பேரரசன் தியோதோசியுவின் ஆணையால் கிறிஸ்தவமே அரச மதமாகிறது. அதற்கு ஐந்தாறு வருடங்களுக்குள் ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசில்லியன் திரியர் நகரில் கிறிஸ்தவப் பேரரசன் ஒருவனால் தலை வெட்டப்படுகிறார். அவர்மேல் வழக்குத் தொடுத்தவர்களும் ஆயர்கள்தான். அந்தக் கொலையைத் தடுக்கப் போராடிய தூர் நகர மார்த்தினும் ஆயர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அநியாயம்.

ஓர் இடைச்செருகல். லூக்கா 14இல் விருந்து உவமை வரும். ‘உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்று தமிழ்ப் பைபிளில் படிக்கும்போது, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வரும் காட்சிதான் நம் கண்ணில் வருகிறது. வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் படித்த லத்தீனில் அந்தச் சொல் ‘கட்டாயப்படுத்து’. அங்கே பிரிந்துபோய்த் தனிச் சபை நடத்திய தொனாத்தியர்களை அரச பலத்தால் சபைக்குள் கொண்டுவரலாம் என்று அவர் வாதாட அந்த ஒரு சொல் உதவியது. அடுத்த ஆயிரம் வருடங்களுக்கு மேல் அதையே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் அவரே கட்டாயத்துக்கு எதிராக இருந்தவர் என்பது இன்னும் வருத்தம்.

அப்புறம் எப்படி எல்லை வந்தது? மேற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு விசித்திரத்தால். அங்கே ரோமப் பேரரசு சரிந்த பிறகும் திருச்சபை நின்றது. அதற்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றம், தனி நிலம், எல்லா நாட்டு எல்லைகளையும் தாண்டிய ஒரு தலைமை. 494இல் போப் கெலாசியு பேரரசன் அனஸ்தாசியுவுக்கு எழுதிய கடிதத்தில், இந்த உலகை ஆள்பவை இரண்டு என்று எழுதினார்: குருக்களின் அதிகாரம், அரசனின் வல்லமை. 1077 ஜனவரியில் ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி, கனோசாக் கோட்டை வாசலில் கம்பளித் துணியோடு வெறுங்காலில் மூன்று நாள் நின்று போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்டான். ஆயர்களை நியமிப்பது யார் என்பதுதான் சண்டை. ஹென்றி திருந்திவிட்டான் என்று நினைக்க வேண்டாம். பின்னால் படையோடு ரோமுக்குள் நுழைந்தான், கிரகோரி அங்கிருந்து வெளியேறிய நிலையிலேயே செத்தார். 1122இல் வோர்ம்ஸில் உடன்படிக்கை ஆனது: ஆயர் பதவிக்கு அடையாளமான மோதிரமும் கோலும் சபை கொடுக்கும், நில உரிமைக்கான செங்கோலைப் பேரரசன் கொடுப்பான். யாரும் முழுதாக ஜெயிக்கவில்லை. நல்லவேளை. இதே விசுவாசம் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளிலும் இருந்தது. அங்கே பேரரசனின் கை பெரும்பாலும் ஓங்கியே இருந்தது, அங்கிருந்து வரம்புக்குட்பட்ட அரசு பிறக்கவில்லை. விசுவாசம் மட்டுமே காரணமென்றால் இரண்டு இடத்திலும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்து மன்னன் ஜானின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட 1215ஆம் ஆண்டின் சாசனமான மாக்னா கார்ட்டாவையும் இதே கண்ணோடு பாருங்கள். பேராயர் ஸ்டீபன் லாங்டன் அதில் முக்கியப் பங்கு வகித்தார். முதல் சரத்தே இங்கிலாந்துச் சபை சுதந்திரமாக இருக்கும் என்பதுதான். 39ஆவது சரத்து, நாட்டின் சட்டப்படியோ சமமானவர்களின் தீர்ப்புப்படியோ அல்லாமல் சுதந்திரமான எவனையும் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது. பேச்சாளர்கள் இதுவரை சொல்வார்கள். அதே வருடம் ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னொசென்ட் அந்தச் சாசனத்தை வெட்கக்கேடானது, அநியாயமானது என்று சொல்லி ரத்து செய்ததைச் சொல்ல மாட்டார்கள். ஜான் மன்னன் அதற்குள் நாட்டையே போப்பிடம் ஒப்படைத்துவிட்டு அவருடைய ஆளாகியிருந்தான். பேராயர் ஒரு பக்கம், போப் மறுபக்கம். லாங்டனை அந்தப் பக்கம் தள்ளியதில் அவருடைய வேதப் படிப்புக்கு எவ்வளவு பங்கு, சபையின் சொத்து நலனுக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நான் இரண்டும் கலந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

16ஆம் நூற்றாண்டில் போப்பின் சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த இயக்கமும் இப்படித்தான் இரண்டு முகம் காட்டியது. 1521இல் மனசாட்சியைக் காட்டிப் பேரரசன் முன் பணிய மறுத்தார் அதன் முன்னோடி, ஜெர்மானியர் லூத்தர். 1525இல் ஜெர்மன் குடியானவர்கள், மேய்ப்பனையும் மேல்குடியானையும் கிறிஸ்து ஒரே இரத்தத்தால்தான் மீட்டார், ஆகவே நாங்கள் அடிமைகள் அல்ல என்று எழுதிக் கொடுத்தபோது, கலகத்தில் இறங்கியவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதினார். 1553இல் ஜெனீவாவில், திரித்துவத்தை மறுத்த மிகேல் செர்வேத்து உயிரோடு எரிக்கப்பட்டார். அந்த நகரின் சீர்திருத்தத் தலைவர் கால்வின் அதை ஆதரித்தார். முன்பு கால்வினோடு பணிபுரிந்த கஸ்தெல்லியோ அதற்கு எழுதிய பதில்: ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைக் காப்பது ஆகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதுதான்.

உண்மையான திருப்பம் எனக்குத் தெரிந்தவரை வந்தது சின்னச் சின்னச் சபைகளிலிருந்து. அரசாங்கம் கைக்கு வரும் என்ற நம்பிக்கையே இல்லாதவர்கள். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1610இல் பாராளுமன்றத்தில், மன்னர்களைக் கடவுளே தேவர்கள் என்று அழைக்கிறார் என்று பேசினார். இரண்டு வருடம் கழித்து தாமஸ் ஹெல்விஸ் என்ற பாப்டிஸ்ட் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சபையைச் சேர்ந்தவர்), தான் எழுதிய சிறு நூலின் பிரதி ஒன்றில் மன்னருக்காகத் தன் கையால் எழுதினார்: அரசன் சாகக்கூடிய மனிதன், கடவுள் அல்ல, ஆகவே குடிகளின் அழியாத ஆத்துமாக்கள்மேல் அவனுக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பிரதி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. நூலின் உள்ளே இன்னும் ஒரு படி மேலே போகிறார். மதப் புரட்டர்களோ, துருக்கியரோ, யூதரோ, யாராக இருந்தாலும் மத விஷயத்தில் தண்டிப்பது பூலோக அதிகாரத்தின் வேலை இல்லை என்கிறார். ‘துருக்கியர்’ என்றால் அன்றைய பேச்சில் முஸ்லிம்கள். தனக்கு மட்டும் கேட்காமல், தான் தவறென்று நம்பிய மதத்தாருக்கும் சேர்த்துக் கேட்டார். அவரை நியூகேட் சிறையில் போட்டார்கள், 1616க்குள் இறந்துவிட்டார்.

அதே வழியில் ரோஜர் வில்லியம்ஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை ஆண்ட தூய்மைவாதிகள் (பியூரிட்டன் கிறிஸ்தவர்கள்) 1635இல் அவரை நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். மறுவருடம் பனிக்காலத்தில் காட்டுவழி நடந்து போய், நாராகன்செட் பழங்குடிகளிடம் நிலம் பெற்று, பிராவிடென்ஸை நிறுவினார். சபையின் தோட்டத்துக்கும் உலகத்தின் காட்டுக்கும் நடுவே வேலி வேண்டும் என்றவர் அவர். அரசாங்கத்தை மதத்திடமிருந்து காப்பாற்ற அவர் வேலி கேட்கவில்லை, தோட்டத்தைக் காட்டிடமிருந்து காப்பாற்றக் கேட்டார். குருக்கள் இல்லாமல் வழிபடும் கிறிஸ்தவக் குழுவான குவேக்கர்களை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 1660இல் பாஸ்டனில் மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். வில்லியம்ஸின் ரோட் தீவில் குவேக்கர்கள் நிம்மதியாக இருந்தார்கள். 1672இல், எழுபதை நெருங்கிய வயதில், படகு வலித்துக்கொண்டு நியூபோர்ட் போய் அவர்களோடு நாள்கணக்கில் சண்டை போட்டார், வாயால் மட்டும்.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் பற்றிச் சுருக்கமாக: ஆதாமிலிருந்து வந்தது அரசுரிமை என்ற, மன்னராட்சி ஆதரவாளர் ஃபில்மரின் வாதத்தை அவர் வசனத்துக்கு வசனம் பைபிளை வைத்தே உடைத்தார். 1689இல் வெளிவந்த சகிப்புத்தன்மைக் கடிதத்தில் நாத்திகர்களுக்கு இடம் தரவில்லை. அவர்கள் செய்யும் சத்தியப் பிரமாணத்தை நம்ப முடியாது என்றார்.

அமெரிக்காவுக்கு வருவோம், உங்கள் கேள்வியே அங்கிருந்துதான் வந்தது. 1774இல், பின்னால் அமெரிக்க அதிபரான, அன்று இளைஞரான ஜேம்ஸ் மேடிசன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மதக் கருத்தைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று கொதிக்கிறார். வர்ஜீனியாவில் அன்று ஆங்கிலிக்கன் சபைதான் அரசு சபை. பாப்டிஸ்ட் போதகர்களை உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி போடலாம் என்ற மசோதாவை 1785இல் மேடிசன் எதிர்த்து எழுதினார்: ஒரு சபைக்காக மூன்று பென்ஸ் வாங்க அதிகாரம் உள்ள அரசு, எல்லாவற்றிலும் வேறு எந்தச் சபைக்கும் பணியவும் வைக்கலாம். அவர் பக்கம் நின்று கையெழுத்துத் திரட்டியவர்களில் பக்தியில் யாருக்கும் குறையாத பாப்டிஸ்டுகளும் இருந்தார்கள். 1776 சுதந்திரப் பிரகடனம் படைத்தவரைச் சொல்கிறது. 1787 அரசமைப்புச் சட்டத்தின் வாசகம், கையெழுத்துத் தேதியில் வரும் ‘நம் ஆண்டவரின் ஆண்டு’ என்ற வழக்கமான தொடரைத் தவிர, கடவுளைப் பற்றிப் பேசுவதில்லை. பதவிக்கு மதத் தகுதி கேட்கக் கூடாது என்று மட்டும் 6ஆவது பிரிவு சொல்கிறது. மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசே வேண்டியதில்லை என்று மேடிசன் எழுதியதில், பிரஸ்பிட்டேரியன் போதகரான விதர்ஸ்பூனிடம் அவர் படித்த, மனிதன் இயல்பிலேயே பாவி என்ற கோட்பாட்டின் சாயல் எனக்குக் கேட்கிறது. கேட்கிறது என்றுதான் சொல்ல முடியும். ரோமானிய வரலாறும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்தெஸ்கியூவும் அதே பாடத்தை அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

அடிமை முறையைத் தொடாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. சிறையில் கிடந்த பாப்டிஸ்டுகளின் வாரிசுகளே, அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற தகராறில் 1845இல் தெற்கில் தனி அமைப்பாகப் பிரிந்தார்கள். அதே வருடம், அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் தன் வரலாற்றை வெளியிட்டு, இந்த நாட்டின் கிறிஸ்தவத்துக்கும் கிறிஸ்துவின் கிறிஸ்தவத்துக்கும் நடுவே இருக்க முடிந்த அளவு தூரம் இருக்கிறது என்று பின்னிணைப்பில் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபை 1864இல் மனசாட்சிச் சுதந்திரம் என்ற கருத்தையே கண்டித்தது. 1965 டிசம்பர் 7ஆம் தேதி, அதே சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மத சுதந்திரம் மனித மாண்பில் வேரூன்றியது என்று 2308க்கு 70 என்ற வாக்கில் ஏற்றது. 101 வருடம்.

இந்த எண்ணம் கிறிஸ்தவத்துக்கு மட்டுமே சொந்தமா என்றால், இல்லை. மனிதச் சட்டத்துக்கு மேல் இயற்கைச் சட்டம் என்பது கிரேக்கத் தத்துவவாதிகளான ஸ்தோயிக்கர்களும் ரோமின் சிசரோவும் பேசியது. நம் பக்கம் அப்பர் இருக்கிறார். பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பேதுரு சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உள்ளத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் தனிச் சட்டமும் நீதிமன்றமும் வைத்துக்கொண்டு, மன்னர்களோடு நூற்றாண்டுக்கணக்கில் வழக்காடும் ஓர் அமைப்பு இங்கே உருவாகவில்லை. சாசனம் எழுத வைத்தது அந்த வழக்காடல்தான் என்பது என் கணிப்பு. இதை மறுப்பவர்களும் உண்டு. நகரங்களின் வளர்ச்சி, வணிகம், பிரபுக்களின் படைபலம் ஆகியவற்றை முதலில் வைப்பார்கள். அவர்களைத் தள்ளிவிட முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நம்பிக்கை தேய்ந்தால் சுதந்திரம் தேயுமா. ஆதாரம் வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. டென்மார்க்கில் இன்றும் லூத்தரன் சபைதான் அரசமைப்பு ஏற்ற சபை. ஞாயிறன்று ஆலயம் போகிறவர்கள் மிகக் குறைவு. மக்கள் சுதந்திரமாகத்தான் இருக்கிறார்கள். பழைய மூலதனத்தைச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும், சொந்தமாகச் சம்பாதித்துவிட்டார்கள் என்று மறு தரப்பு சொல்லும். இதில் நான் திரும்பத் திரும்பப் போவது ஜெர்மானியச் சட்ட அறிஞர் போக்கன்ஃபோர்டெவிடம். சுதந்திரமான, மதச்சார்பற்ற அரசு தன்னால் உத்தரவாதம் தர முடியாத அடித்தளங்களின்மேல் வாழ்கிறது என்று 1960களில் அவர் எழுதினார். இப்போது அந்த வாக்கியத்தை, அரசு மதத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்குச் சான்றாக மேடையில் காட்டுகிறார்கள். அவரோ கத்தோலிக்கர், மதச்சார்பற்ற அரசைக் கண்டு பயப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தன் சபையாரையும் மனதில் வைத்து எழுதியவர். அந்த அடித்தளத்தைச் சட்டத்தாலும் கட்டாயத்தாலும் காப்பாற்றக் கிளம்பினால் அரசு தன் சுதந்திரத் தன்மையையே இழந்துவிடும் என்பதையும் அடுத்த வரிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்.